இரண்டு பேருக்கு ஈகோவா, டிராவலரா?

தக்கலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்பது மாருதி ஈகோ. நாகர்கோவிலில் என் தம்பி வைத்திருப்பது உயரக் கூரை போட்ட ஃபோர்ஸ் டிராவலர். ஈகோ சின்ன வேன், டிராவலர் மினிபஸ் மாதிரிப் பெரியது. இரண்டையும் ராத்திரி உள்ளேயே தங்கிச் சுற்றுகிற கேம்பர் வேனாக மாற்றியிருக்கிறோம், படுக்கை, அடுப்பு, பேட்டரி எல்லாம் உண்டு. மூன்று வருஷமாக நானும் வீட்டுக்காரரும் ஈகோவில் சுற்றுகிறோம். போன ஆடியில் தம்பியின் வண்டியை வாங்கிப் பத்து நாள் ஓட்டிப் பார்த்தோம். எதை வாங்கலாம் என்று கேட்கிறவர்கள் விலையில் ஆரம்பிக்கிறார்கள். நான் ரோட்டில் ஆரம்பிக்கிறேன்.

குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறைக்குப் போகிற வழியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம், வளைவு திரும்பினால் எதிரே பஸ். ஈகோவின் அகலம் ஒன்றரை மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. இடது சக்கரத்தை மண்ணில் இறக்கினால் பஸ் போய்விடும். டிராவலர் இரண்டு மீட்டரை ஒட்டி வரும். அந்த அரை மீட்டருக்காக ஒரே நாளில் மூன்று தடவை ரிவர்ஸ் எடுத்தோம். "நீ இறங்கிப் பின்னால நின்னு சொல்லு" என்பார் அவர். நான் மழையில் நின்று கை காட்டுவேன். தாழ்ந்த கிளை ஒவ்வொன்றும் கூரையில் இருந்த சோலார் தகட்டை உரசியது.

அப்புறம் காற்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. இரண்டரை மீட்டர் உயர வண்டியின் பக்கவாட்டில் அது மோதும்போது பாய்மரக் கப்பலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அவர் வேகத்தை நாற்பதுக்கு இறக்கி, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தார். ஈகோவும் ஆடும், ஆனால் அதன் உயரம் 1.8 மீட்டர்தான்.

சரி, ரோட்டில் ஈகோ ஜெயிக்கிறது. வண்டி நின்ற பிறகு கதை மாறுகிறது.

முட்டம் கடற்கரையில் ஒரு ராத்திரி விடாமல் மழை. ஈகோவுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. மெத்தைமேல் உட்கார்ந்தாலே தலை கூரையில் தட்டும். சேலை மாற்ற மல்லாந்து படுத்துக்கொண்டுதான் மாற்ற வேண்டும். அடுப்பை வெளியேதான் வைப்போம், அதனால் அன்றைக்கு ஒரு கட்டன்சாயாகூட இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அவருக்கு வெளியே போக வேண்டும் என்றால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். டிராவலரில் அதே முட்டத்தில், அதே மாதிரி மழையில், நான் நின்றுகொண்டு மரச்சீனிக் கிழங்கு வேகவைத்தேன். கதவைத் திறந்து வைத்ததால் ஆவி வெளியே போனது. அந்தச் சுகத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது.

கழிப்பறை விஷயத்தை ஆண்கள் இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். பெண்களுக்கு முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். தம்பியின் வண்டியில் தனித் தடுப்பு, கதவு, அதற்குள் போர்ட்டபிள் டாய்லெட். இருபது லிட்டர் தொட்டி, இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாள் வரும். ஈகோவில் அதே பெட்டியை வைக்கலாம், ஆனால் மறைப்பு இல்லை. பெட்ரோல் பங்கை நம்பித்தான் மாலையில் எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

மின்சாரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி ஒன்று இரண்டு வண்டிக்கும் போதும். சின்ன ஃபேன் ராத்திரி முழுக்க ஓடினாலும் ஆறில் ஒரு பங்குதான் தீரும். பழைய ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது, எடையும் இரண்டு மடங்குக்கு மேல்.

மரவேலையில் கவனம் வையுங்கள். எங்களுக்குச் செய்து தந்தவர் சாதாரண பிளைவுட் போட்டுவிட்டார். இரண்டாவது மழைக்காலத்தில் கட்டில் பலகையின் ஓரம் பப்படம் மாதிரி பொரிந்து நின்றது. மரைன் பிளைவுட் கேட்டு வாங்குங்கள். கடற்கரையில் நிறுத்திவிட்டு வந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், இல்லாவிட்டால் உப்பு அரித்துவிடும். சீட்டைக் கழற்றி வண்டியின் அமைப்பையே மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, ஆர்.சி.யில் ஏற்றிக்கொண்டு செய்யுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு இதைப் பற்றியதுதான்.

காரில் போய் லாட்ஜில் தங்கலாமே என்பார்கள். ஐயப்ப சீசனில் கன்னியாகுமரியில் ரூம் தேடி அலைந்தவர்களிடம் கேளுங்கள்.

என் முடிவு இது: இரண்டே பேர், மூன்று நாலு ராத்திரி, நம் மாவட்டமும் சுற்றுவட்டாரமும் என்றால் ஈகோ. முழங்கால் வலி இருந்தாலோ, ஒரு வாரத்துக்கு மேல் வெளியூர் என்றாலோ டிராவலர். ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு மழை ராத்திரி இரண்டு பேரும் அதில் படுத்துப் பாருங்கள். "இஞ்ச பாருங்க, இது நமக்குப் போதும்" என்று ஈகோவைக் காட்டி நான் அவரிடம் சொன்னது அப்படி ஒரு ராத்திரிக்குப் பிறகுதான்.

இப்போது ஈகோவின் பின்கதவில் மாட்ட, மூன்று பக்கமும் தரைவரை தொங்குகிற மாதிரி ஒரு தார்ப்பாய் தைக்கக் கொடுத்திருக்கிறேன். அது வந்துவிட்டால் மழையிலும் அடுப்பு எரியும், போர்ட்டபிள் டாய்லெட்டுக்கும் மறைப்பு கிடைக்கும். தை மாதம் மைசூருக்குப் போக மட்டும் தம்பியின் வண்டியைக் கேட்டிருக்கிறோம்.