டிராம்போன் சிலைடைக் கடையில் கொடுக்குமுன் இதைப் படியுங்கள்

நெல்லை, தூத்துக்குடி பக்கம் டிராம்போன் வாசிக்கிற எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். கிறிஸ்தவ சபையில் வாசிக்கிறவர்கள், பேண்டு செட்டில் போகிறவர்கள் இரண்டு பேருக்கும்தான். சிலைடு என்றால் இழுத்துத் தள்ளி வாசிக்கிற குழாய்ப் பகுதி; அதன் வாய்க்குள் இருக்கிற சின்னக் குழாய்தான் லீட்பைப். அந்த லீட்பைப்பை மாற்றி மாற்றிப் போடுகிற மாதிரி சிலைடைச் செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். நான் தலையாட்டினேன். என் சிலைடு போய்விட்டது.

என்னுடையது யமஹா 354 மாடல். சிலைடுக் குழாயின் உள்துளை 12.7 மில்லிமீட்டர், அதாவது சரியாக அரை அங்குலம். பெரியப்பா போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்றதும் தன் கைக்காசில் வாங்கியது. அவருக்கு மூச்சு முடியாமல் போனபோது என் கையில் கொடுத்தார். பாளையங்கோட்டையில் சபைப் பாடகர் குழுவோடு பதினோரு வருஷமாக அதைத்தான் வாசிக்கிறேன்.

எதற்காக மாற்ற நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோவிலுக்குள் கீர்த்தனைக்குப் பின்னால் வாசிக்கும்போது சத்தம் உருண்டையாக, மெதுவாக இருக்க வேண்டும். அசனப் பண்டிகை பவனியில் தெருவில் நடந்துகொண்டு வாசிக்கும்போது அதே கருவி வெட்டிக்கொண்டு முன்னால் போய் விழ வேண்டும். வாயில் வைத்து ஊதுகிற மவுத்பீஸை மாற்றிப் பார்த்தேன், பாதிதான் சரியானது. மீதி லீட்பைப்பில் இருக்கிறது. சிலைடில் அசையாமல் நிற்கிற இரண்டு உள்குழாய்கள் மேல்தான் வெளிச்சிலைடு ஓடும். மவுத்பீஸ் சொருகுகிற இடத்தில், அவற்றில் மேலே இருக்கிற உள்குழாய்க்குள் ஒளிந்திருக்கிற ஏறக்குறைய ஒரு சாண் நீளக் குழாய் அது. தொடக்கத்தில் அகலமாக இருந்து, குறுகி, மறுபடி மெல்ல விரிந்து சிலைடின் துளையோடு கலக்கும். அந்தக் குறுகலான இடத்தின் அளவு ஒரு மயிரிழை மாறினாலும் ஊதுகிற நெஞ்சுக்குத் தெரியும். பெரும்பாலான கருவிகளில் அதை ஈயத்தால் பற்றவைத்துத்தான் அனுப்புகிறார்கள். அதை உருவி எடுத்து, வாயில் மரை போட்ட ஒரு வளையம் வைத்துவிட்டால், வேண்டிய லீட்பைப்பைத் திருகிப் போட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டில் பல பேர் செய்துகொள்கிற வேலைதான். துபாயில் இருக்கிற மச்சான் இரண்டு லீட்பைப் வாங்கி அனுப்பினான்.

ஜங்ஷன் பக்கம் ஒரு கடை. ஆர்மோனியம், டிரம், டிரம்பெட் எல்லாம் பழுது பார்ப்பார்கள். கடைக்கார அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னதும், “இதென்ன பெரிய வேல? நீங்க ஏன் தம்பி பயப்படுதிய? நாலு நாள்ல வந்து வாங்கிக்கிடுங்க” என்றார். கூலி 5,500 ரூபாய், முன்பணம் 3,000. எப்படி உருவுவீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நாலு நாள் பதினெட்டு நாளானது. அசனத்துக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் கையில் கொடுத்தார்கள். கடையிலேயே உறையைத் திறந்து பார்த்தேன். மேல் உள்குழாய் வாயருகே நாலு விரல் நீளத்துக்கு வைக்கோல் நிறமாகவும், அதை ஒட்டி நீலமாகவும் இருந்தது. குரோம் பூச்சு அப்படி நிறம் மாறினால் குழாய் எவ்வளவு சூடு தின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஈயப்பற்று 183 டிகிரியை ஒட்டி இளகிவிடும். மெல்லிய தீயை ஆட்டிக்கொண்டே காட்டினால் போதும். கடைப் பையனிடம் தனியாகக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது: சிலைடை ஒரு ரேடியேட்டர் பட்டறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே கேஸ் வெல்டிங் தீயை நேராகப் பிடித்திருக்கிறார்கள். லீட்பைப் பாதியில் ஒடிந்து உள்ளே நின்றுவிட்டது. ஒடிந்த துண்டை லேத்தில் கொடுத்துக் குடைந்து எடுத்திருக்கிறார்கள். அந்த உள்குழாய் தாளைப் போல மெல்லியது. குடைகிற கருவி ஒரு பக்கம் சாய்ந்து, சுவரையும் சேர்த்துச் சீவிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே திருகுத் தடம் அப்படியே தெரிகிறது.

சிலைடைப் போட்டு இழுத்தேன். முழுக்க நீட்டிய ஏழாவது பொசிஷனில் இருந்து மூன்று வரை பரவாயில்லை. உள்ளே தள்ளி இரண்டுக்கும் ஒன்றுக்கும் வரும்போது பிடித்துக்கொண்டது, மணல் போட்டுத் தேய்த்த மாதிரி. காரணம் வீட்டுக்கு வந்தபிறகுதான் புரிந்தது. கைப்பிடி வளையைப் பற்றவைத்த ஈயமும் அந்தச் சூட்டில் இளகி, இரண்டு உள்குழாய்களும் இணையாக இல்லாமல் நகர்ந்திருக்கின்றன. ஷோகேஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து உள்சிலைடை அதன் மேல் கிடத்தினேன். ஒரு மூலை தூக்கிக்கொண்டு ஆடியது. புது வளையத்திலும் மரை கோணல். லீட்பைப்பைத் திருகி மவுத்பீஸை வைத்தால் கண்ணுக்கே தெரிகிற அளவு சாய்ந்து நிற்கிறது. சிலைடின் மறுமுனையை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு ஊதினால் வளையத்தைச் சுற்றி உஸ்ஸென்று காற்று போகிறது.

மறுநாள் பவனியில் நான் வாசிக்கவில்லை. பெரியப்பா நாற்காலியில் இருந்தபடியே வாசலில் காத்திருந்தார், பேண்டு தாண்டிப் போகும்போது என்னைத் தேடியிருக்கிறார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடைக்குத் திரும்பப் போனேன். “குழாய் ஏற்கெனவே தேஞ்சு போனது தம்பி, அதான் ஒடிஞ்சுது” என்றார் அண்ணாச்சி. அது உண்மையாகவே இருக்கட்டும். பழைய லீட்பைப் உப்புப் படிந்து ஒட்டிக்கிடக்கும் என்பது இந்த வேலை தெரிந்தவருக்குத் தெரியும். அதற்காகத்தான் முதலில் எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்து உள்ளே படிந்ததை இளக்க வேண்டும். கைப்பிடிப் பக்கம் ஈரத்துணி சுற்றிச் சூடு போகாமல் தடுக்க வேண்டும். லீட்பைப்பின் வாய் விளிம்பைப் பிடிக்கிற இழுப்பான் வைத்து நேர்கோட்டில் இழுக்க வேண்டும். அசைய மறுத்தால் அங்கேயே நிறுத்தி, “இது வராது, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லியிருந்தால் என் கருவி இன்றைக்கும் பாடிக்கொண்டிருக்கும். முன்பணம் 3,000 திரும்பக் கிடைத்தது. வீணான இரண்டு லீட்பைப்புக்கும் சிலைடுக்கும் ஒரு காசு இல்லை.

உங்கள் கருவியைக் கொடுப்பதாக இருந்தால் மூன்று விஷயம் கேளுங்கள். வேலை இந்தக் கடையிலேயே நடக்குமா, வெளியே போகுமா? இழுப்பான் இருக்கிறதா, இருந்தால் காட்டச் சொல்லுங்கள். இதற்கு முன்னால் செய்த ஒரு சிலைடை வாசித்துப் பார்க்க முடியுமா? மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் எழுந்து வந்துவிடுங்கள். வாங்கும்போது கடையிலேயே கண்ணாடி மேல் கிடத்திப் பாருங்கள், அடைத்து ஊதிப் பாருங்கள். அப்புறம்தான் மீதிப் பணம்.

வெளிச்சிலைடும், முன்னால் விரிந்திருக்கிற பெல்லும் எனக்கு ஒரு கீறல் இல்லாமல் இருக்கின்றன. உள்சிலைடு மட்டும் வேண்டும். பெல் நசுங்கியோ வேறு காரணத்தாலோ ஓரமாகப் போட்டு வைத்திருக்கிற யமஹா 354 யாரிடமாவது இருந்தால் தெரியப்படுத்துங்கள். வரும் ஸ்தோத்திரப் பண்டிகைக்குள் பெரியப்பா காதில் அந்தச் சத்தம் விழ வேண்டும்.