ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளிக்கூடம்?

மூத்தவனை எல்கேஜியிலிருந்து சிபிஎஸ்இ பள்ளியில்தான் படிக்க வைத்தோம். காரைக்குடியில் எங்கள் தெருப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேரை அந்த மஞ்சள் வேன்தான் அள்ளிக்கொண்டு போகும். இளையவள் ஐந்தாவது முடித்ததும் அவளை மட்டும் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் சேர்த்தேன். "ஆம்பளப் பிள்ளைக்கு ஒரு நியாயம், இவளுக்கு ஒரு நியாயமாப்பா?" என்று அப்பத்தா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. இப்போது அவன் கல்லூரியில், அவள் பத்தாம் வகுப்பில். என் சாய்வு அரசுப் பள்ளிப் பக்கம்தான், மறைக்கவில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஆங்கிலம், கழிப்பறை, வேன் மூன்றிலும் சிபிஎஸ்இக்கே மார்க். மகன் தயங்காமல் ஆங்கிலம் பேசுவான். மகள் வாக்கியத்தை மனசுக்குள் கட்டி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். செலவில் அரசுப் பள்ளியோடு ஒப்பிடவே முடியாது.

என்னை முடிவெடுக்க வைத்தது 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-ல் மருத்துவத்திலும், 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளிலும் வந்தது. பொறியியலில் இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. நம் ஊரில் 1952 முதல் இருக்கிற அழகப்பர் அரசு பொறியியல் கல்லூரியில் சேரவும் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு வழியாகத்தான் போக வேண்டும்.

மகன் ஐஐடி போன்ற கல்லூரிகளுக்கான ஜேஇஇ நுழைவுத் தேர்வு எழுதினான், எட்டவில்லை. கடைசியில் அவனும் வந்து நின்றது கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50 என்று 200-க்குப் போடும் அந்தக் கலந்தாய்வின் கட்-ஆஃப் வரிசையில்தான். பதினான்கு வருஷம் கட்டணம் கட்டியதால் அந்த வரிசையில் அரை மார்க்கும் கூடவில்லை. மகளுக்கு அந்த வரிசையோடு இன்னொரு சின்ன வரிசையும் இருக்கிறது.

செட்டிநாட்டுக்காரர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. இங்கே பழைய பெரிய பள்ளிகள் பல, நகரத்தார் கட்டி நடத்துபவை. கட்டணம் மிகக் குறைவு, சத்துணவு உண்டு, இலவசப் புத்தகம், சைக்கிள் எல்லாம் உண்டு. அதனால் அரசுப் பள்ளி என்றே நினைத்துக்கொள்கிறோம். என் மைத்துனர் மகள் அப்படி ஒரு பள்ளியில் நல்ல மார்க் வாங்கினாள். கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பெயர்ப்பலகையில் பள்ளிப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் 'அரசு உதவி பெறும்' என்று இருந்ததைக் கவனித்தார்கள். உதவி பெறும் பள்ளிக்கு 7.5 கிடையாது. கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் பின்னால் உதவி பெறும் பள்ளித் தமிழ் வழி மாணவிகளுக்கும் விரிந்தது. ஆனால் அது வேறு, இது வேறு. அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பலகையைப் படிக்காதது பெரியவர்கள்தானே. அப்புறம்தான் நான் மகளைச் சேர்க்கும் முன் அலுவலகத்தில் நின்று, "இது அரசா, உதவி பெறுவதா சார்?" என்று வாய்விட்டே கேட்டேன். எழுத்தர் சிரித்தார், பரவாயில்லை.

மருத்துவம் பற்றி நான் பெரிதாகப் பேச முடியாது. 7.5-க்கும் நீட் எழுதியே ஆக வேண்டும். நீட்டும் ஜேஇஇயும் சிபிஎஸ்இ பள்ளிகளில் நடத்தும் என்சிஇஆர்டி பாடத்தை ஒட்டியவை. ஐஐடிதான் என்று பிள்ளை இப்போதே உறுதியாக இருந்தால் சிபிஎஸ்இயில் விடுவதே சரி என்பேன். என் மகள் இன்னும் பிளஸ் டூவே தொடவில்லை, என் கணக்கு பலிக்குமா என்று மூன்று வருஷம் கழித்துத்தான் தெரியும். நடுவில் ஒரு வருஷம் கணக்கு டீச்சர் இல்லாமல், மாலையில் டியூஷனுக்கு அனுப்ப வேண்டியும் வந்தது.

ஏழாவதோ எட்டாவதோ தனியார் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை இதற்காக இப்போது மாற்றாதீர்கள். ஆறாவது போய்விட்டால் ஒதுக்கீடும் போச்சு. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் எட்டு வரை தனியாரில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வருகிறவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.