ஃபைவ்எம் சர்வர் தாமதம்: புரொஃபைலரா, ஸ்லோ குவரி லாக்கா?

சுங்கை சிப்புட்டில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஃபைவ்எம் (ஜிடிஏ 5 விளையாட்டைத் தனிச் சர்வர்களில் பலர் சேர்ந்து ஆட உதவும் மென்பொருள்) சர்வரில், விளையாட்டுக்குள் இருக்கும் கைப்பேசியில் செய்திப்பெட்டியைத் திறந்தால், அது நிரம்புவதற்குள் மூன்று விநாடி ஓடிவிடும். காரணத்தைத் தேட, சர்வருடனேயே வரும் புரொஃபைலரையும் (ஸ்கிரிப்டுகள் எடுக்கும் நேரத்தை அளக்கும் கருவி), எங்கள் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் தரும் ஸ்லோ குவரி லாக்கையும் (நேரம் பிடிக்கும் குவரிகளை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகளை, குறித்துவைக்கும் பதிவேடு) பயன்படுத்திப் பார்த்தேன். இரண்டுக்கும் செலவில்லை, ஆனால் இனி நான் முதலில் திறப்பது லாக்கைத்தான்.

புரொஃபைலரைக் குறை சொல்வதற்கில்லை. 'புரொஃபைலர் ரெக்கார்ட் 500' என்று கட்டளையிட்டால், அடுத்த 500 ஃபிரேம்களில் எந்த ஸ்கிரிப்ட் எவ்வளவு நேரத்தை விழுங்கியது என்பதைக் காட்டிவிடும். எல்லா ஆட்டக்காரர்களும் ஒருசேர உறைந்து, கன்சோலில் ஹிட்ச் வார்னிங் (சர்வர் திணறுகிறது என்ற எச்சரிக்கை) வந்தால் அதுவே சரியான கருவி. எங்களுக்கோ எல்லாரும் தடையின்றி ஓடிக்கொண்டிருக்க, செய்திப்பெட்டி மட்டும் தாமதித்தது. டேட்டாபேஸ் பதில் தரும்வரை ஸ்கிரிப்ட் ஒதுங்கிக் காத்திருப்பதால், அந்தக் காத்திருப்பு புரொஃபைலரில் ஒரு மேடாகக்கூடத் தெரியவில்லை.

எனக்கு முடிவைத் தந்தது வேறொன்று: புரொஃபைலரை இயக்க, தாமதம் நேரும் வேளையில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். கூட்டம் சேர்வதோ சனிக்கிழமை இரவு பத்துக்கு மேல். அப்போது நான் செம்பனை ஆலையில் நைட் ஷிப்டில் இருப்பேன். லாக் ஆளை எதிர்பார்ப்பதில்லை. ஆனாலும் முதல் வாரம் அது வெறுமையாகவே இருந்தது. ஏனெனில் எத்தனை விநாடியைத் தாண்டினால் லாக்கில் பதிய வேண்டும் என்று சொல்லும் லாங் குவரி டைமின் இயல்பு அளவு 10 விநாடி, எங்கள் மூன்று விநாடி அதில் சிக்கவில்லை. அதை 0.2 ஆக்கினேன். செட் குளோபல் என்ற மைஎஸ்க்யூஎல் கட்டளை மூலம் மாற்றினால் புதிய இணைப்புகளுக்கே அது பொருந்தும் என்பதால், ஃபைவ்எம் சர்வரையும் ஒருமுறை மறுதொடக்கம் செய்ய வேண்டியிருந்தது.

ஞாயிறு காலை லாக்கில் ஒரே குவரி பக்கம் பக்கமாக நின்றது: அனுப்பியது 40 வரிசை, ஆராய்ந்தது நான்கு லட்சத்துக்கும் மேல். குவரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் போட்டால் டைப் 'ஆல்', கீ 'நல்': அதாவது இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) எதுவுமின்றி எல்லா வரிசைகளையும் படிக்கிறது. பெறுநர் எண்ணுக்கு ஒரு இண்டெக்ஸ் சேர்த்ததும் பெட்டி தட்டியவுடன் திறந்தது.

எங்களிடம் ஒரே நேரத்தில் 40 பேருக்கு மேல் ஆடியதில்லை. பெரிய சர்வர்களுக்கும் இதுவே முதற்படி என்று அடித்துச் சொல்லமாட்டேன். தொடக்கத்தில் டேபிளின் பூட்டு (வேறொரு வேலை அதைப் பயன்படுத்துவதால் வரும் தடை) விடுபடக் காத்திருந்த நேரத்தை லாக் கணக்கில் சேர்ப்பதுமில்லை. பராமரிப்பும் உண்டு: கோப்பு வளர்ந்துகொண்டே போகும், வாரம் ஒருமுறை ஒதுக்கிவைக்கிறேன். இப்போது அதில் பெரும்பாலும் விடியற்காலை நான்கு மணி பேக்கப்பின் வரிகளே இருக்கின்றன.