புகாரா, பராமரிப்புத் திட்டமா?

தாய் கர்ப்பத்தில் எடுத்துக்கொண்ட போதைப்பொருளின் பாதிப்போடு குழந்தை பிறந்தால் அடுத்து என்ன? அமெரிக்க மாநிலங்களில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குழந்தைக் கொடுமை என்று புகார் கொடுத்து விசாரிப்பது. மற்றது, வீட்டுக்கு அனுப்பும் முன்பே ‘பாதுகாப்பான பராமரிப்புத் திட்டம்’ எழுதித் துணைநிற்பது. நான் பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியர். எங்கள் மருத்துவமனை நடைமுறையை மாற்றி எழுதியபோது இரண்டாவதற்குத்தான் கை தூக்கினேன்.

புகாரின் பக்கம் உள்ள நியாயம் எல்லோருக்கும் தெரிந்ததே. குழந்தையைக் கவனிக்க ஆளில்லை, வீட்டில் அடிதடி என்று தெரிந்தால் அன்றே புகார் போகத்தான் வேண்டும்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது பிரசவத்துக்கு முந்தைய மாதங்கள். பயந்துபோன தாய் பரிசோதனைக்கு வரமாட்டார். டென்னசி மாநிலம் 2014-இல் இந்தத் தாய்மார்கள்மீது குற்றவழக்குப் போடச் சட்டம் கொண்டுவந்தது. பெண்கள் சிகிச்சையைவிட்டு ஒதுங்குகிறார்கள் என்ற முறையீடுகள் எழுந்தன. 2016-இல் சட்டம் காலாவதியானது. ஓபியாய்டு (ஹெராயின், சில வலிமருந்துகள் போன்றவை) பழக்கம் உள்ளவர் கர்ப்பத்தில் சட்டென்று நிறுத்துவதைவிட அதற்கு மாற்றாக டாக்டர் தரும் மெத்தடோனோ புப்ரெனார்ஃபினோ எடுப்பதே நல்லது என்பதுதான் மருத்துவ அறிவுரை. அதை ஒழுங்காக எடுத்தவரின் குழந்தைக்கும் கை நடுங்கலாம், கீச்சென்று அழலாம், விடாமல் தும்மலாம், பால் குடிக்கத் திணறலாம். டாக்டர் சொல் கேட்டவருக்கும் அதே புகார்தான் என்றால் அடுத்தவர் எதை நம்பி வருவார்?

2016-இல் திருத்தப்பட்ட அமெரிக்க மத்தியச் சட்டம், மருந்துச்சீட்டில் எழுதிக்கொடுத்த மருந்தால் வரும் பாதிப்புக்கும் திட்டம் வேண்டும் என்கிறது; தாயின் சிகிச்சையும் அதில் அடக்கம். குழந்தை நலத்துறைக்குத் தகவல் சொல்வதாலேயே அது கொடுமை ஆகிவிடாது என்றும் சொல்கிறது. கனெக்டிகட் 2019 முதல், வேறு ஆபத்து இல்லாதபோது தாய், குழந்தை பெயர் குறிப்பிடாமலே தகவல் பெறுகிறது. எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான்.

இன்னொன்று, தாய் பக்கத்தில் இருப்பதே குழந்தைக்கு மருந்து. மங்கிய வெளிச்சம், மார்போடு அணைப்பு, கேட்டபோது பால். இப்படி, ‘உண்கிறதா, உறங்குகிறதா, தேற்றினால் அமைதியாகிறதா’ என்று பார்க்கும் முறையை 26 மருத்துவமனைகளில் சோதித்து 2023-இல் முடிவு வெளியிட்டார்கள். வீடு திரும்பத் தயாராகச் சராசரியாக 8.2 நாள் ஆனது. அறிகுறி ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுப் பார்க்கும் வழக்கமான முறையில் 14.9 நாள். விசாரணையில் அலையும் தாயால் அந்த அறையில் எப்படி உட்கார முடியும்?

சரி, இதிலும் ஓட்டை உண்டு. நியூ மெக்சிகோ 2019-இல் இந்த வழிக்குச் சட்டம் போட்டும், பல குடும்பங்களுக்கு உதவி போய்ச் சேரவில்லை. அப்புறம், நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் ஓபியாய்டு குழந்தைகள். மதுவின் பாதிப்பு பல குழந்தைகளுக்கு வளர வளரத்தான் தெரியும், அதனால் அதற்கு இந்தத் திட்டம் எவ்வளவு தாங்கும் என்று அனுபவத்திலிருந்து என்னால் சொல்ல முடியாது. வீட்டுக்கு வரப்போகும் செவிலியரின் பெயர், போன் நம்பர், முதல் வருகைத் தேதி மூன்றும் நிரம்பாமல் எங்கள் படிவத்தில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.