கீழ்ப் பர்மாவுக்கு எந்தச் சாண எரிவாயுக் கலன்: குவிமாடமா, டிரம்மா, பையா?

பெகு, தட்டோன், பியாப்போன் பக்கம் சாண எரிவாயு பற்றி விசாரிப்பவர்கள் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு: அடைமழையில் தொழுவத்துக்குக் கீழே எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது, தினமும் எவ்வளவு சாணம் கைக்குக் கிடைக்கிறது.

நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கும் மாடு ஒன்று சுமார் 10 கிலோ, அதாவது 6 வீசை சாணம் போடும். உழவுக்கும் மேய்ச்சலுக்கும் போகும் மாட்டிடம் பாதிதான் தேறும். ஒரு கிலோ பச்சைச் சாணத்துக்கு 35 முதல் 40 லிட்டர் வாயு வரும். ஐந்து பேர் சமையலுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கன மீட்டர் வாயு, அதற்கு 30 முதல் 40 கிலோ சாணம் வேண்டும். வீட்டில் உழவு மாடு இரண்டு மட்டும் என்றால் எந்தக் கலன் கட்டினாலும் ஒரு வேளைச் சோறும் டீயும்தான். மீதிக்கு விறகு வேண்டும். கலனைப் பெரிதாக்கினாலும் வாயு அதிகமாகாது.

மேட்டு நிலமும் தொழுவத்தில் நான்கைந்து மாடும் இருந்தால் மண்ணுக்குள் கட்டும் செங்கல் குவிமாடம்தான் சரி. இந்த வகையில் இந்தியாவின் தீனபந்து மாதிரி 1984இல் வந்தது. துருப்பிடிக்கும் டிரம் இல்லை. நன்றாகக் கட்டினால் இருபது வருஷம் உழைக்கும். ஆனால் கொத்தனார் கைத்திறனில்தான் எல்லாம் இருக்கிறது. உட்பூச்சில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வாயு கசியும். தண்ணீர் நிரப்பிச் சோதிக்காமல் சாணம் ஊற்றாதீர்கள். மழைக்காலத்தில் கலனைக் காலி செய்யவும் கூடாது. சுற்றிலும் ஊறும் நீர் காலித் தொட்டியை மேலே தூக்கும், தளம் வெடிக்கும்.

மிதவை டிரம் என்பது தொட்டிக் கரைசலின் மேல் கவிழ்ந்து மிதந்து வாயுவைப் பிடிக்கும் இரும்பு டிரம். இதில் அழுத்தம் சீராக இருக்கும், வாயு எவ்வளவு மிச்சம் என்பதும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் இரும்பு துருப்பிடிக்கும். வருஷா வருஷம் பெயின்ட் அடித்தாக வேண்டும். கீழே இருக்கும் தொட்டிக்கோ அதே நிலத்தடி நீர்த் தொல்லை. உப்புக்காற்று அடிக்கும் கடலோரத்துக்கு இதைச் சொல்ல மனம் வரவில்லை.

தாழ்வான டெல்டா ஊர்களுக்கு பிளாஸ்டிக் பைதான் ஏற்றது. இரட்டை அடுக்குக் குழாய்ப் பை, 80 செ.மீ. விட்டம், 8 மீட்டர் நீளம். வெள்ளம் ஏறாத உயரத்துக்கு மண் மேடு போட்டு, அதில் வாய்க்கால் வெட்டிக் கிடத்த வேண்டும். 20 கிலோ சாணத்தை 60 லிட்டர் தண்ணீரில் கரைத்து, வைக்கோலும் மணலும் நீக்கி ஊற்றினால் ஓர் அடுப்பு சுமார் 2 மணி நேரம் எரியும். அழுத்தம் மிஞ்சினால் வாயுவை வெளியே விடும் காப்பு பாட்டிலில் குழாய் முனை 4, 5 செ.மீ. நீரில் மூழ்கியிருக்கட்டும், அந்த நீர் வற்றினால் வாயு முழுதும் வெளியே போய்விடும். அழுத்தம் குறைவு என்பதால் அடுப்பு அருகிலேயே இருக்க வேண்டும். வெயிலும் எலியும் கோழியும்தான் எதிரிகள். மேலே கீற்றுக் கூரை, சுற்றிலும் வேலி. இவை இல்லாத பை இரண்டு மூன்று வருஷத்தில் கிழியும்.

மூன்றிலும் முதல் வாரங்களில் வரும் வாயு தீப்பற்றாது. அதில் கரியமில வாயுதான் அதிகம். ஓடிக்கொண்டிருக்கும் கலனிலிருந்து பத்தில் ஒரு பங்கு கரைசல் வாங்கிக் கலந்தால் சீக்கிரம் தீப்பற்றும்.

வெளிவரும் கரைசலை வெயிலில் காயப் போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். பையின் கரைசல் நீர்த்தது, அன்றன்றே கத்திரி, மிளகாய்ப் பாத்திக்குத் திருப்பலாம். குவிமாடத்தின் கெட்டிக் கரைசலை நிழல் குழியில் வைக்கோல் அடுக்கின் மேல் ஊற்றி மட்கவைத்து, நடவுக்கு முன் சேற்றில் மிதித்து விடுங்கள்.