நோர்வூட்டில் ஒரு மடிக்கணினிப் பெட்டரி: மூன்று வருட அனுபவம்

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். தவணைப் பரீட்சை வினாத்தாள்களும் பிள்ளைகளுக்கான செயலட்டைகளும் என் மடிக்கணினியில்தான் தயாராகின்றன. அது லெனோவோ திங்க்பேட் டி480. 2018இல் வெளிவந்த அந்த மாதிரியை 2020இல் பாவித்த நிலையில் வாங்கினேன். அதில் இரண்டு பெட்டரிகள் உண்டு. உள்ளே திருகாணிகளுக்குப் பின்னால் 24 வாட் மணி (பெட்டரி கொள்ளும் மின்சக்தியின் அளவு) கொண்ட ஒன்றும், பின்புறத்தில் இரு கொக்கிகளைத் தள்ளினால் கையோடு வந்துவிடும் இன்னொன்றும் இருக்கின்றன. வெளிப்பெட்டரி மூன்று அளவுகளில் வரும்: 24, 48, 72 வாட் மணி. என் இயந்திரத்தோடு வந்தது 48.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட நாட்களில்தான் அந்த 48 எவ்வளவு தேய்ந்துபோயிருக்கிறது என்பதை உணர்ந்தேன். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஓர் இடைவெளியும் சாய்கோடும் இட்டு, பெட்டரிரிப்போர்ட் என்பதை ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் அடித்தால், இயந்திரம் தானே ஓர் அறிக்கையை எழுதி வைக்கும். புதிதாக இருந்தபோது கொள்ள வேண்டிய அளவு, இன்று முழுதாக ஏற்றினால் கொள்ளும் அளவு, இதுவரை எத்தனை சுழற்சிகள் (முழு அளவு ஏற்றித் தீர்த்த தடவைகள்) என்ற மூன்று எண்களும் அதில் இருக்கும். என் வெளிப்பெட்டரிக்கு முதலாவது 48 என்றும் இரண்டாவது 19 என்றும் காட்டியது. பெட்டரி மாற்ற நினைக்கும் எவரும் கடைக்குப் போவதற்கு முன் இந்த அறிக்கையை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பிறகு புதியதை அளப்பதற்கும் இதுவே அளவுகோல்.

மலையகத்தில் இருப்பவருக்குத் தெரிவுகள் குறைவு. ஹட்டனில் தொலைபேசிப் பெட்டரி எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். குறிப்பிட்ட ஒரு மடிக்கணினி மாதிரிக்கான பெட்டரி கேட்டால் "கொழும்பில இருந்து எடுத்துத் தரலாம்" என்பதே பதில். கொழும்புக்கு நேரில் போவதென்றால் ஒரு நாள் முழுவதும் போய்விடும். ரூபாவின் பெறுமதி சரிந்து டொலர் 200இலிருந்து 360 வரை ஏறியிருந்த காலம் அது. இருந்த சரக்கும் விலையேறிக் கிடந்தது.

அதனால் 2022 ஜூலையில் இணையத்தில் விளம்பரம் செய்திருந்த ஒரு விற்பனையாளரிடம் 9,500 ரூபாவுக்கு ஒன்றை வரவழைத்தேன். நான் செய்த தவறு அது. இயந்திரம் அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டது. திங்க்பேட் இயந்திரங்கள் அங்கீகரிக்கப்படாத பெட்டரியை இனங்கண்டு மின்னேற்ற மறுக்கக்கூடியவை என்று அறிந்திருந்தேன். ஆகவே மறுக்கவில்லை என்றால் அசல்தான் என்று முடிவுகட்டினேன். போலி செய்பவர்கள் பெட்டரியை இயந்திரத்துக்கு அடையாளம் காட்டும் சில்லையும் (சிப்) சேர்த்தே போலி செய்கிறார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எட்டு நாட்கள் கழித்துத்தான் அதன் ஒட்டுத்தாளை நிதானமாக வாசித்தேன். 10.8 வோல்ட், 7800 மில்லி அம்பியர் மணி, ஆறு செல்கள் என்று இருந்தது. பெருக்கிப் பார்த்தால் 84 வாட் மணி வருகிறது. அசல் தயாரிப்பில் மிகப் பெரியதே 72. ஆறு செல் என்பது மூன்று மூன்றாகத் தொடர்ந்த இரண்டு வரிசைகள். ஆகவே 7800ஐ இரண்டால் வகுத்தால் ஒரு செல்லுக்கு 3900. இத்தகைய பெட்டரிகளுக்குள் இருக்கும் 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட உருளைச் செல்களில், பெயர்பெற்ற உற்பத்தியாளர்களிடமிருந்து பரவலாகக் கிடைப்பவை 3500ஐத் தாண்டுவதில்லை. ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் போதுமாயிருந்த இடத்தில், ஒன்பதாம் தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கும் நான் எட்டு நாட்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று மாலை இரண்டு பெட்டரிகளையும் தூக்கிக்கொண்டு சந்தியிலிருக்கும் மளிகைக் கடைக்குப் போய், பருப்பும் நெத்தலியும் நிறுக்கும் மின்தராசில் வைத்துப் பார்த்தேன். பழைய 48 வாட் மணிப் பெட்டரி 312 கிராம். 84 என்று சொல்லிக்கொண்டு வந்த புதியது 266 கிராம். நல்ல உருளைச் செல் ஒன்று சுமார் 45 முதல் 48 கிராம் வரை இருக்கும். ஆறு செல்களே 270ஐத் தாண்ட வேண்டும். உறையும் மின்சுற்றுப் பலகையும் அதற்கு மேல். கடைக்கார அண்ணன் இரண்டையும் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னா டீச்சர், புதுசு காத்து அடைச்ச மாதிரி இருக்கு" என்றார். அவருக்கு வாட் மணி தெரியாது, கை தெரியும்.

மறுநாள் நேரத்தை வைத்து அளந்தேன். அப்போது 18 வாட் மணி கொள்ளக்கூடிய நிலையில் இருந்த உள்பெட்டரியில் மட்டும், திரையின் வெளிச்சத்தைப் பாதியாக்கி, இணையத்தை அணைத்து, தட்டச்சு மட்டும் செய்தபோது இயந்திரம் 2 மணி 20 நிமிடம் ஓடியது; அதாவது மணிக்கு ஏறத்தாழ 7.7 வாட் மணிச் செலவு. அதே நிலையில் புதிய பெட்டரி 3 மணி 50 நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. கணக்கு சுமார் 30 வாட் மணியில் வந்து நிற்கிறது. அறிக்கையோ வாரக்கணக்காக ஒரு புள்ளிகூடக் குறையாத முழுக் கொள்ளளவையும் பூச்சியம் சுழற்சிகளையும் காட்டிக்கொண்டிருந்தது. உண்மையான பெட்டரியின் எண்கள் இப்படி உறைந்து கிடப்பதில்லை. விற்பனையாளருக்கு எழுதினேன், ஏழு நாள் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிந்துவிட்டது என்ற ஒரு வரிதான் பதில். அந்தப் பெட்டரி நான்கு மாதத்தில் 40 சதவீதத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே இயந்திரத்தைத் திடீரென்று அணைக்கத் தொடங்கியது. இரண்டு முறை சேமிக்காத வினாத்தாள்கள் போயின.

அடுத்து ஹட்டனில் கணினி திருத்தும் தம்பி ஒருவரிடம் போனேன். பழைய 48இன் உறையைப் பிரித்துப் புதிய செல்களை வைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். "செய்யலாம் டீச்சர், ஆனா செல்லைக் கழட்டுன உடனே உள்ள இருக்கிற சேர்க்கிட் லொக் ஆயிட்டா நா பொறுப்பில்ல" என்றார். அவர் சொன்னது சரி. மடிக்கணினிப் பெட்டரியின் பலகை தன் செல்களின் வரலாற்றை நினைவில் வைத்திருப்பது. மின்தொடர்பு அறுந்தால் தன்னை நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும் வகைகள் உண்டு. செல்களை ஈயம் வைத்து ஒட்டுவதும் கூடாது, சூடு செல்லைக் கெடுக்கும். நிக்கல் பட்டியைப் புள்ளிப் பற்றவைப்புச் (ஸ்பொட் வெல்டிங்) செய்ய வேண்டும், அந்த இயந்திரம் அவரிடம் இல்லை. முடியாததை முடியாது என்று சொன்னவர் என்பதால் இன்றும் என் இயந்திரம் அவர் கைக்கே போகிறது.

கொழும்பில் ஒரு கடையில் அசல் 72 வாட் மணிப் பெட்டரி 28,000 ரூபாவுக்கு இருப்பதாக அவரே விசாரித்துச் சொன்னார். பணம் அனுப்புவதற்கு முன், ஒட்டுத்தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மறுக்காமல் அனுப்பினார்கள். பெட்டி பிரிக்கப்படவில்லை; உற்பத்தி 2018. லிதியம் அயன் செல் பாவிக்காமல் கிடந்தாலும் முதுமையடையும். சூடும் நிறைந்த மின்னேற்றமும் அதை விரைவுபடுத்தும். காலியாகவே கிடந்தால் வேறு விதமாகக் கெடும். கொழும்புச் சூட்டில் நான்கு வருடம் கிடந்த அசலுக்கு அந்த விலை கொடுக்க மனம் வரவில்லை. அசலா போலியா என்ற கேள்வியோடு எந்த வருடம் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதை அந்தப் படம்தான் கற்றுத்தந்தது.

வெளிநாட்டு இணையக் கடைகளில் தேடினால், பெட்டரி என்றவுடன் "உங்கள் நாட்டுக்கு அனுப்பப்படமாட்டாது" என்று வந்துவிடும். கடைகளின் பிடிவாதம் மட்டும் இதற்குக் காரணமில்லை. தனியாகப் பொதிசெய்த லிதியம் அயன் பெட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. சரக்கு விமானத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் மின்னேற்றம் இருக்கக் கூடாது. ஆனால் பயணி ஒருவர் 100 வாட் மணிக்கு உட்பட்ட உதிரிப் பெட்டரியைத் தன் கைப்பையில், முனைகள் ஒன்றோடொன்று படாதவாறு மூடிக் கொண்டுவரலாம். 72 அந்த எல்லைக்குள் அடங்கும்.

என் சின்னம்மாவின் குடும்பம், மலையகத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போய்க் குன்னூரில் குடியேறியது. அவருடைய மகன் 2023 தைப்பொங்கலுக்கு இங்கே வருவதாக இருந்தான். கோயம்புத்தூரில் உற்பத்தியாளரின் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில், பற்றுச்சீட்டோடு, ஆறு மாதத்துக்குள் உற்பத்தியானதை மட்டும் வாங்கும்படி அவனிடம் சொன்னேன். முதலில் காட்டியது ஒன்றரை வருடப் பழையது என்பதால் வேண்டாமென்று சொல்லி, இரண்டு வாரம் காத்திருந்து 2022 ஓகஸ்டில் உற்பத்தியானதை எடுத்தான். முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துத் திருச்சியிலிருந்து கொண்டுவந்தான். விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொன்னபோது முறுக்கு என்று நினைத்திருப்பார்கள் என்று இன்றும் சொல்லிச் சிரிப்பான்.

இந்த முறை முதல் இரண்டு நாட்களிலேயே எல்லாவற்றையும் அளந்தேன். எடை பழையதைவிட அதிகம். அறிக்கையில் 72க்கு 71.4. மூன்று சுழற்சிகள் ஓடியதும் எண்ணிக்கை மூன்று என்றே காட்டியது. அதே தட்டச்சு வேலையில், வெளிப்பெட்டரியில் மட்டும் ஒன்பது மணி நேரத்தைத் தாண்டியது. இந்த இயந்திரம் வெளிப்பெட்டரியை முதலில் செலவழித்து உள்ளதைப் பின்னுக்கு வைப்பதால், உள்பெட்டரி பெரும்பாலும் ஓய்விலேயே இருக்கிறது.

ஒரு வருடத்தில் 64 சுழற்சிகளுக்குப் பின் 68 வாட் மணி. 2025 ஜூலையில் 143 சுழற்சிகளுக்குப் பின் 61. இரண்டரை வருடத்தில் ஏறத்தாழ 15 சதவீதத் தேய்மானம் எனக்குத் திருப்தியே. உற்பத்தியாளரின் மென்பொருளில், 75 சதவீதத்துக்குக் கீழே போனால் மட்டும் ஏற்றத் தொடங்கி 80இல் நிறுத்தும்படி வைத்திருக்கிறேன். இடி மின்னல் காலத்தில் மட்டும் 100க்கு மாற்றுவேன். சித்திரை மாதத்திலும் ஐப்பசியிலும் பிற்பகலில் இடி முழங்கத் தொடங்கினால் இங்கே எல்லா வீட்டிலும் செருகிகளைக் கழற்றிவிடுவார்கள், மின்சாரம் இருந்தாலும் பெட்டரியில்தான் வேலை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது நான் பதினொரு பக்க வினாத்தாள் ஒன்றின் நடுவில் இருந்தேன். மின்சாரம் வருவதற்கு முன்பே அது முடிந்துவிட்டது.

குறைகளும் உண்டு. 72 வாட் மணிப் பெட்டரி அடியில் புடைத்து நிற்பதால் இயந்திரம் முன்பக்கம் சரிந்தே இருக்கும். மடியில் வைத்தால் அந்த விளிம்பு தொடையில் உறுத்தும். பையின் பாரமும் கூடியிருக்கிறது. பஸ் இறங்கி ஏற்றத்தில் நடக்கும்போது அது தெரிகிறது. மார்கழி, தை விடியற்காலைக் குளிரில் ஓடும் நேரம் சற்றுக் குறைகிறது. வெயில் ஏறியதும் பழைய நிலைக்கு வந்துவிடும். இதே குளிர்தான் பெட்டரியின் ஆயுளுக்கு நல்லது என்பதால் நான் குறை சொல்வதில்லை.

போலிப் பெட்டரி முனைகள் ஒட்டப்பட்டு ஒரு பிஸ்கட் டின்னுக்குள், அடுப்பிலிருந்து தள்ளி, அலுமாரியின் மேல் இருக்கிறது. குப்பையோடு எரிப்பதற்கோ தேயிலைக் கானில் எறிவதற்கோ உரிய பொருள் அன்று. மின்னணுக் கழிவு சேகரிக்கும் நாளொன்றில் கொடுக்க வைத்திருக்கிறேன்.

இப்போது உள்பெட்டரி 13 வாட் மணிக்கு இறங்கிவிட்டது. அது உருளைச் செல் அன்று, தட்டையான வகை. கெட்டால் ஊதிக்கொண்டு தொடுபலகையை மேலே தள்ளும் என்பதால், தவணை விடுமுறைதோறும் கணினியைச் சமதரையில் வைத்துத் தொடுபலகை உயர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். இதுவரை உயரவில்லை. ஹட்டன் தம்பி ஒன்றை எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒட்டுத்தாளின் படம் இன்னும் வரவில்லை.