சி ஷார்ப்பின் லின்க்: எப்போது ஓடும், எங்கே ஓடும்?

2007 நவம்பரில் விஷுவல் ஸ்டுடியோ 2008-உடன் மைக்ரோசாஃப்ட்டின் நிரல்மொழியான சி ஷார்ப்பின் 3.0 பதிப்பு வந்தது. லாம்டா (பெயரில்லாச் சிறு ஃபங்ஷன்), எக்ஸ்டென்ஷன் மெத்தட், பெயரில்லா டைப், எக்ஸ்ப்ரஷன் ட்ரீ என்று அதில் புதிதாகச் சேர்ந்தவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் எதற்கு இத்தனை என்று தோன்றும். சேர்த்து வைத்தால் எல்லாம் லின்க் (LINQ, மொழிக்குள்ளேயே டேட்டாவைக் கேட்டு எடுக்கும் வசதி) என்ற ஒரே வண்டியின் பாகங்கள். லிஸ்ட்டோ, எக்ஸ்எம்எல்லோ, டேட்டாபேஸ் டேபிளோ, எதுவானாலும் ஒரே மாதிரி கேள்வி கேட்கலாம் என்பது அது கொடுத்த வாக்கு. சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட் 10 வரை வந்துவிட்ட இந்த நேரத்தில் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அன்றாட டேட்டா வேலைக்கு இவ்வளவு கைக்கு இணக்கமான கருவி பொருள்நோக்கு மொழிகளில் வேறு கிடையாது. ஆனால் எழுதிய குவெரி (டேட்டாவைக் கேட்கும் கட்டளை) எப்போது ஓடுகிறது, எங்கே ஓடுகிறது என்ற இரண்டையும் அது வெளியே காட்டுவதில்லை. தொல்லைகளில் பெரும்பங்கு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

முதலில் எழுத்து வடிவம். டேட்டாபேஸ்களின் கேள்வி மொழியான எஸ்கியூஎல்லில் 'செலக்ட்' முதலில் வரும். லின்க்கில் 'ஃப்ரம்' முதலில், 'செலக்ட்' கடைசியில். 'ஃப்ரம் பில் இன் பில்கள், வேர் பில்.தொகை > 5000, செலக்ட் பில்.எண்'. எங்கிருந்து எடுக்கிறோம் என்று தெரிந்தால்தான் 'பில்' என்று எழுதிப் புள்ளி வைத்ததும் என்னென்ன ப்ராப்பர்ட்டி இருக்கிறது என்று எடிட்டர் காட்ட முடியும். அந்த வசதிக்காகத்தான் இந்த வரிசை. நமக்கு இது இயல்பாகவே பொருந்துகிறது: 'பில்களிலிருந்து, ஐயாயிரத்துக்கு மேல் உள்ளவற்றின் எண்ணை எடு.' தமிழ் வாக்கியமும் வினையில்தான் முடியும். எஸ்கியூஎல்லைவிட லின்க்கை வேகமாகப் பிடித்துக்கொள்ள இதுவும் உதவும்.

கம்பைலர் இந்த வடிவத்தை அப்படியே 'வேர்' (வடிகட்டுவது), 'செலக்ட்' (வேண்டியதை எடுப்பது) என்ற மெத்தட் சங்கிலியாக மாற்றிவிடுகிறது. இரண்டுக்கும் வேகத்தில் வித்தியாசம் இல்லை. 'ஜாயின்', 'லெட்', ஒன்றுக்கு மேற்பட்ட 'ஃப்ரம்' வருகிற இடங்களில் குவெரி வடிவம் படிக்கச் சுலபம். மற்ற இடங்களில் சங்கிலியே போதும். 'டேக்', 'கவுண்ட்', 'டூலிஸ்ட்' போன்றவற்றுக்குக் குவெரி வடிவத்தில் சொல்லே இல்லை.

இனி முதல் கேள்வி: எப்போது ஓடும்? 'வேர்', 'செலக்ட்' எழுதியதும் எதுவும் ஓடாது. அது ஒரு செய்முறைக் குறிப்பு மட்டுமே. 'ஃபார்ஈச்' போடும்போது, அல்லது 'டூலிஸ்ட்', 'கவுண்ட்', 'ஃபர்ஸ்ட்' கூப்பிடும்போதுதான் அடுப்பு பற்றும். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் புதிதாகப் பற்றும். இதில் விழும் குழி ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். ஆர்டர்களை 'செலக்ட்' செய்து ஒவ்வொன்றுக்கும் புதிய 'வரி' (பில்லில் வரும் ஒரு வரிசை) ஆப்ஜெக்ட் உருவாக்கி 'வரிகள்' என்ற வேரியபிளில் வைக்கிறோம். முதல் 'ஃபார்ஈச்' லூப்பில் எல்லா வரிக்கும் தள்ளுபடி 10 என்று போடுகிறோம். இரண்டாவது லூப்பில் அச்சடித்தால் தள்ளுபடி எல்லாம் 0. பிழைச் செய்தி எதுவும் வராது. காரணம், இரண்டாவது லூப் குவெரியை மறுபடி ஓட்டி வேறு ஆப்ஜெக்ட்களை உருவாக்கிவிட்டது. நாம் மாற்றியவை முதல் லூப்போடு போய்விட்டன. 'செலக்ட்'டுக்குப் பின் ஒரு 'டூலிஸ்ட்' சேர்த்தால் சரியாகிவிடும்.

இதன் உடன்பிறப்பு லாம்டாவுக்குள் சிக்கும் வேரியபிள். லாம்டா பிடித்துக்கொள்வது வேரியபிளை; அந்த நேரத்து மதிப்பை அது நகலெடுத்து வைப்பதில்லை. 'வரம்பு' 5000 ஆக இருக்கும்போது குவெரி எழுதி, பிறகு 'வரம்பு' 10000 ஆக மாறி, அதன் பின் 'டூலிஸ்ட்' கூப்பிட்டால், வடிகட்டுவது 10000-ஐ வைத்துத்தான். அதேபோல, முடிந்ததும் தான் திறந்ததை மூடிவிடும் 'யூசிங்' பிளாக்குக்குள் குவெரியை எழுதி அதை அப்படியே ரிட்டர்ன் செய்தால், வெளியே அது ஓடத் தொடங்கும்போது டேட்டாபேஸ் கான்டெக்ஸ்ட் (டேட்டாபேஸோடு பேசும் ஆப்ஜெக்ட்) மூடப்பட்டிருக்கும். ஆப்ஜெக்ட் டிஸ்போஸ்ட் எக்ஸெப்ஷன் (மூடிய ஆப்ஜெக்ட்டைத் தொட்டதாகச் சொல்லும் பிழை) வரும். இங்கே பிழையாவது சத்தம் போடுகிறது. ஜாவா 8-இல் லின்க் போன்ற வசதியான ஸ்ட்ரீம் இந்த விஷயத்தில் கண்டிப்பானது: ஒரு ஸ்ட்ரீமை இரண்டாம் முறை ஓட்டினால் எக்ஸெப்ஷன் எறியும். லின்க் எதுவும் சொல்லாமல் மறுபடி ஓடும். கற்றுக்கொள்பவருக்கு ஜாவாவின் கண்டிப்பு நல்லது என்றே தோன்றுகிறது.

இரண்டாவது கேள்வி, எங்கே ஓடும் என்பது, இன்னும் ஆழமானது. ஐஎன்யூமரபிள், ஐகுவெரியபிள் என்று இரண்டு இன்டர்ஃபேஸ். இரண்டிலும் ஒரே 'வேர்', ஒரே லாம்டா. முதலாவதில் லாம்டா சாதாரண ஃபங்ஷனாக மாறி நம் மெமரியில் ஓடும். இரண்டாவதில் அதே லாம்டா எக்ஸ்ப்ரஷன் ட்ரீயாக (நிரலின் அமைப்பை மர வடிவில் வைத்திருக்கும் டேட்டாவாக) மாறும். டேட்டாபேஸோடு இணைக்கும் மைக்ரோசாஃப்ட் நூலகமான என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர் அந்த மரத்தைப் படித்து எஸ்கியூஎல்லாக எழுதி சர்வருக்கு அனுப்பும். இது உண்மையிலேயே அழகான வேலை. எழுதிய நிரலையே டேட்டாவாகப் படிக்க வைத்த இந்த யோசனைதான் லின்க்கின் உயிர்; ஜாவா ஸ்ட்ரீமில் இது கிடையாது.

ஆபத்தும் அதே இடத்தில்தான். டேட்டாவை எடுத்துத் தரும் ரெபாசிட்டரி மெத்தட் ஒன்றின் ரிட்டர்ன் டைப் ஐஎன்யூமரபிள் என்று இருக்கிறது. அதைக் கூப்பிடுபவர் தொகை 5000-க்கு மேல் என்று 'வேர்' சேர்க்கிறார். டைப்பைப் பார்த்து எந்த 'வேர்' என்று கம்பைலர் முடிவு செய்துவிடுவதால், அந்த நிபந்தனை எஸ்கியூஎல்லுக்குப் போகவே போகாது. டேபிளில் 10 லட்சம் வரிசை இருந்தால் பத்து லட்சமும் நெட்வொர்க் வழியாக வந்து, நம் சர்வரின் மெமரியில் வடிகட்டப்படும். விடை சரியாகவே இருக்கும். டெவலப்பர் கணினியில் 50 வரிசைதான் இருக்கும் என்பதால் தாமதமும் தெரியாது. தீர்வு, ரிட்டர்ன் டைப்பில் ஒரே ஒரு சொல்லை, ஐஎன்யூமரபிளை ஐகுவெரியபிளாக, மாற்றுவது. கண்டுபிடிக்கும் வழி, எஸ்கியூஎல் லாகைத் திறந்து 'வேர்' இருக்கிறதா என்று பார்ப்பது. ஐகுவெரியபிள் கையில் இருந்தால், என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர் 5 முதல் 'டூகுவெரிஸ்ட்ரிங்' என்று கூப்பிட்டாலே எஸ்கியூஎல் கண்முன் வந்துவிடும். புதிய குவெரி எழுதினால் இதை ஒருமுறை பார்க்காமல் விடக்கூடாது.

நாமே எழுதிய மெத்தடை 'வேர்'க்குள் கூப்பிட்டால் அதை எஸ்கியூஎல்லாக மாற்ற வழியில்லை. என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர் பதிப்பு 2 வரை இதற்கு ஓர் எச்சரிக்கை மட்டும் லாகில் எழுதிவிட்டு, டேட்டாவைக் கொண்டுவந்து மெமரியில் வடிகட்டிவிடும். 2019-இல் வந்த 3.0 இதை நிறுத்தி, மொழிபெயர்க்க முடியவில்லை என்று எக்ஸெப்ஷன் எறிகிறது. மேம்படுத்தும்போது பழைய நிரல்கள் உடைந்ததென்னவோ நிஜம்; ஆனாலும் இது சரியான முடிவு. கடைசி 'செலக்ட்'டில் மட்டும் நம் மெத்தடைக் கூப்பிட இன்னும் அனுமதி உண்டு. இன்னொன்று: கேள்விக்குறி-புள்ளி ஆபரேட்டரும், நெளிவு அடைப்புக்குள் பல வரி எழுதும் லாம்டாவும் எக்ஸ்ப்ரஷன் ட்ரீக்குள் செல்லாது, கம்பைலரே மறுத்துவிடும்.

ஓடும் இடம் மாறினால் விடையே மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். மெமரியில் இரட்டைச் சமக்குறி பெரிய எழுத்து, சிறிய எழுத்தைப் பிரித்துப் பார்க்கும். எஸ்கியூஎல் சர்வரில் கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) வழக்கமாக இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே லிஸ்ட்டை வைத்து எழுதிய டெஸ்ட் தேறியது என்பதற்காக டேட்டாபேஸிலும் அதே விடை வரும் என்று நம்ப முடியாது. டெஸ்ட்டுக்கும் உண்மையான டேட்டாபேஸையே வைப்பது நல்லது.

தொடர்புடைய டேபிள்களில் இரண்டு விதச் செலவு. லேஸி லோடிங் (தொடும்போதுதான் டேட்டாவைக் கொண்டுவருவது) போட்டுவிட்டு 100 பில்லை லூப்பில் ஓட்டி ஒவ்வொன்றின் பொருட்களையும் தொட்டால் மொத்தம் 101 குவெரி போகும். அதைத் தவிர்க்க இரண்டு கலெக்‌ஷனை 'இன்க்ளூட்' செய்தால் (ஒரே குவெரியில் சேர்த்து எடுத்தால்), ஒரு பில்லுக்கு 10 பொருள், 10 கட்டணப் பதிவு என்றால் 100 வரிசையாகப் பெருகி வரும். என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர் 5-இல் வந்த 'ஆஸ்ஸ்பிளிட்குவெரி' அதைத் தனித்தனிக் குவெரியாகப் பிரிக்கும். திரையில் காட்ட டேபிளின் நான்கு நெடுவரிசை போதுமென்றால், அந்த நான்கையும் 'செலக்ட்'டில் கேட்பதே எல்லாவற்றிலும் மலிவு.

சின்னச் சின்ன வழுக்கல்களும் உண்டு. 'ஆர்டர்பை'க்குப் பின் இன்னொரு 'ஆர்டர்பை' போட்டால் கடைசியாகச் சொன்னதே முதன்மை வரிசையாகிவிடும். இரண்டாவதற்கு 'தென்பை' வேண்டும். ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் தெரிய 'எனி' போதும், 'கவுண்ட்' டேபிள் முழுவதையும் எண்ண வைக்கும். காலியான இன்ட் பட்டியலில் 'சம்' 0 தரும், 'மேக்ஸ்' எக்ஸெப்ஷன் தரும். 'டூடிக்‌ஷனரி'யில் ஒரே சாவி இரண்டு முறை வந்தால் வெடிக்கும். அப்படி வரக்கூடிய டேட்டாவுக்கு 'டூலுக்அப்'. 'சிங்கிள்' எழுதினால் ஒன்றுக்கு மேல் இல்லை என்று உறுதிசெய்ய டேட்டாபேஸிலிருந்து இரண்டு வரிசை கேட்கும், 'ஃபர்ஸ்ட்' ஒன்றோடு நிற்கும்.

லின்க்கைச் சுற்றி வளர்ந்த ஃபங்ஷனல் வசதிகளில் ரெக்கார்ட் (உள்ளே இருக்கும் மதிப்பை வைத்துச் சமம் பார்க்கும் டைப்) நன்றாக வேலை செய்கிறது. 2020-இல் சி ஷார்ப் 9-இல் வந்தது. 'வித்' போட்டு ஒரு மதிப்பை மட்டும் மாற்றிப் புதிய நகல் எடுக்கலாம். ஆனால் அது மேலோட்டமான நகல். ரெக்கார்டுக்குள் லிஸ்ட் இருந்தால் பழையதும் புதியதும் ஒரே லிஸ்ட்டைப் பகிரும். ஒன்றில் சேர்த்தால் மற்றதிலும் தெரியும். உள்ளே ஒரே எண்கள் கொண்ட இரண்டு தனி லிஸ்ட் இருந்தால் அந்த ரெக்கார்டுகள் சமம் என்றும் வராது. இம்யூட்டபிள் அரே (மாற்ற முடியாத பட்டியல்) வைத்தால் பகிர்வுத் தொல்லை தீரும், சமம் பார்க்கும் தொல்லை அப்படியே இருக்கும். சி ஷார்ப் 8-இன் ஸ்விட்ச் எக்ஸ்ப்ரஷன் (வகைக்கு ஏற்ப ஒரு மதிப்பைத் தருவது) படிக்க இனிமை. விட்டுப்போன வகையைக் கம்பைலர் எச்சரிக்கையாகத்தான் சொல்லும். அந்த எச்சரிக்கையைப் பிழையாக மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். டாட்நெட்டின் இன்னொரு மொழியான எஃப் ஷார்ப்பில் உள்ள யூனியன் டைப் (சொன்ன வகைகளில் ஏதோ ஒன்றாக இருக்கும் டைப்) சி ஷார்ப் 14-லும் வரவில்லை. இது உண்மையான குறை.

வேகம் பற்றி: ஒவ்வொரு கண்ணிக்கும் ஓர் ஆப்ஜெக்ட், ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு டெலிகேட் (ஃபங்ஷனைச் சுட்டும் ஆப்ஜெக்ட்) அழைப்பு, வெளி வேரியபிளைப் பிடித்தால் இன்னோர் ஆப்ஜெக்ட். வெப் ரிக்வெஸ்ட்டில் இது கணக்கிலேயே வராது. நொடிக்குப் பல லட்சம் முறை ஓடும் உள் லூப்பில் 'ஃபார்' எழுதுவதே சரி. லாம்டாவுக்கு முன் 'ஸ்டாட்டிக்' போட்டால், தெரியாமல் வெளி வேரியபிளைத் தொட்டதும் கம்பைலர் பிடித்துக்கொடுக்கும்.

டாட்நெட் இலவசம், எம்ஐடி உரிமம், லினக்ஸிலும் ஓடும். எந்தப் பதிப்பில் இருக்கிறோம் என்பதுதான் கையில் கிடைக்கும் கருவிகளைத் தீர்மானிக்கிறது. டாட்நெட் 6-இல் 'மேக்ஸ்பை', 'டிஸ்டிங்க்ட்பை', 'சங்க்' வந்தன, 9-இல் 'கவுண்ட்பை'. லெஃப்ட் ஜாயினுக்கு (இணை இல்லாத வரிசையையும் விடாமல் இரண்டு டேபிளை இணைப்பதற்கு) 'குரூப்ஜாயின்', 'செலக்ட்மெனி', 'டிஃபால்ட்இஃப்எம்ப்டி' மூன்றையும் கோத்து எழுதும் 18 வருடத் துன்பம் 2025 நவம்பரில் வந்த டாட்நெட் 10-இன் 'லெஃப்ட்ஜாயின்' மெத்தடோடு தீர்ந்தது. குவெரி வடிவத்தில் மட்டும் அதற்கு இன்னும் சொல் இல்லை. சங்கிலியாகத்தான் எழுத வேண்டும். பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8-இல் இருப்பவர்களுக்கு இவை எதுவும் வராது. 'மேக்ஸ்பை' போன்றவற்றுக்கு டாட்நெட் பேக்கேஜ்களின் கிடங்கான நுகெட்டில் உள்ள மோர்லின்க் பேக்கேஜைச் சேர்த்துக்கொள்ளலாம்.